லங்காவியில் எட்டு மணி நேரம்: காரை எடுத்துக்கொண்டு நாமே சுற்றலாமா?

கேள்வி (8 செப்டம்பர் 2024)

டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போகிறோம். லங்காவியில் காலை 9 மணிக்குக் கரை, மாலை 5 மணிக்குப் புறப்பாடு. கப்பலில் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள், நாங்கள் நான்கு பேர். சென்னையில் இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்து நாமே சுற்றிவிட்டு வரலாமா? கப்பலை விட்டுவிடுவோமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

8 செப்டம்பர் 2024, இரவு

எடுங்கள். லங்காவி அதற்கென்றே அமைந்த தீவு. நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். சுங்கச்சாவடி கிடையாது. தீவில் எங்கிருந்து எங்கே போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கப்பல் நிற்கும் தஞ்சோங் மாலாய் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. அங்கிருந்து பந்தாய் செனாங் கடற்கரை பத்து நிமிடம், குவா நகரம் அரை மணி, வடக்கே தஞ்சோங் ரூ சுமார் ஐம்பது நிமிடம்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் கார்தான். என் கணக்கு ஒன்றே: தூரமான இடத்துக்கு முதலில் போங்கள், அப்புறம் கப்பலை நோக்கி நெருங்கிக்கொண்டே வாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு நீங்கள் செனாங் பக்கம் வந்துவிட்டால் அதற்குப் பிறகு எது நடந்தாலும் சமாளிக்கலாம்.

9 செப்டம்பர் 2024

உரிமம் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சென்னையிலிருந்து வருபவர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொண்டு வருவதுதான் நல்லது. ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். சும்மா உரிமத்தைக் காட்டியே கார் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் கார் கொடுப்பவர் கேட்காததும், விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கேட்காமல் இருப்பதும் ஒன்றல்ல.

கடவுச்சீட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. கரைக்கு இறங்கும்போது கையில் நகல்தான் இருக்கும். கார்க்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் துறைமுக வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு இருபது நிமிடம் அப்படிப் போனது.

9 செப்டம்பர் 2024, மாலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். "தூரமான இடம் முதலில்" என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: கேபிள் கார். அது தூரத்தில் இல்லை, துறைமுகத்திலிருந்து அரை மணிக்குச் சற்று கூடுதல். ஆனால் பிற்பகலில் வரிசை நீளும், மேகமும் இறங்கும். போவதென்றால் அதுதான் காலையில் முதல் வேலை.

மாசின்சாங் மலையில் 708 மீட்டர் வரை ஏறுகிறது. கம்பி சில இடங்களில் 42 பாகை சரிவில் போகும், வயிற்றுக்குள் ஒரு கலக்கு கலக்கும். மேலே 125 மீட்டர் நீளத்துக்கு வளைந்து தொங்கும் பாலம் ஒன்று, ஒரே ஒரு தூணிலிருந்து கம்பிகளால் தாங்கி நிற்கிறது. அந்த மலையின் மணற்பாறை ஏறக்குறைய 55 கோடி வருடப் பழமையானது. மலேசியாவிலேயே மூத்த பாறை. தீவுக்கூட்டம் முழுவதையும் யுனெஸ்கோ 2007இல் புவிப்பூங்காவாக அறிவித்ததற்கு இந்தப் பாறைகளும் ஒரு காரணம்.

இவ்வளவும் சொல்கிறேனே, 2019இல் நான் மேலே போனபோது பார்த்தது வெள்ளை மேகம் மட்டும்தான். பாலத்தில் எனக்கு முன்னால் நடந்தவரின் முதுகுகூடச் சரியாகத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு இறங்கினோம். அப்புறம் செனாங்கில் சாப்பாடு, கடற்கரை, கப்பல். அன்றைக்குக் காரே தேவைப்பட்டிருக்காது, டாக்சி போதும். காலை முழுக்க கேபிள் கார் நிறுத்துமிடத்தில் அந்தக் கார் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

11 செப்டம்பர் 2024

அதனால் உங்கள் கேள்வியையே கொஞ்சம் மாற்றிப் போடுகிறேன். கேபிள் கார், செனாங், கழுகுச் சிலை என்று மூன்று பெயர்களை மட்டும் பார்ப்பதாக இருந்தால் கார் வேண்டாம். டாக்சியோ, செயலியில் வரவழைக்கும் கிராப் காரோ எடுத்துக்கொள்ளுங்கள், நிறுத்துமிடம் தேடும் வேலையும் மிச்சம். வழியில் நிற்க வேண்டும் என்று தோன்றினால்தான் காரால் பயன். எருமை வயலில் கிடக்கிறது என்று நிறுத்துவது, ரோட்டோரத்தில் பலகாரம் பொரிக்கிறார்கள் என்று நிறுத்துவது, அம்மாவுக்குக் கால் வலிக்கிறது என்று நிறுத்துவது. டாக்சியில் வந்தால் மீட்டர் ஓடாவிட்டாலும் மனசுக்குள் ஒரு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கப்பல் சுற்றுலாவில் நாற்பது பேர் நமக்காகப் பேருந்தில் காத்திருப்பார்கள்.

2024 பிப்ரவரியில் அம்மா, அக்கா, அக்கா மகனோடு போனபோதுதான் எனக்கு இது விளங்கியது. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே நிலையில் உட்கார முடியாது, நிற்கவும் முடியாது. அவருக்கு ஏற்ற சுற்றுலா எதுவும் கப்பல் பட்டியலில் இல்லை.

11 செப்டம்பர் 2024

செலவைக் கேட்டிருந்தீர்கள். பிப்ரவரியில் நாங்கள் எடுத்தது ஒரு பெரோடுவா மைவி, நாளுக்கு 120 ரிங்கிட். நான்கு பேருக்குத் தாராளம். முன்பணம் 100 ரிங்கிட், திரும்பக் கொடுத்துவிடுவார்கள். அப்போது பெட்ரோல் லிட்டர் 2.05 ரிங்கிட். 20 ரிங்கிட்டுக்குப் போட்டால் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது, ஒரு நாளைக்கு அதுவே மிச்சம்.

கார் கைக்கு வரும்போது பெட்ரோல் முள் அடியில்தான் கிடக்கும். கிளம்பியதும் செனாங் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், வடக்குக் கடற்கரைச் சாலையில் எனக்கு ஒரு பங்க்கும் கண்ணில் படவில்லை. உள்ளே போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு, பம்ப் எண்ணைச் சொல்லிவிட்டு, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நான் பயத்தில் 30 ரிங்கிட்டுக்குப் போட்டு, பாதிக்கு மேல் அவர்களுக்கே விட்டுவிட்டு வந்தேன்.

14 செப்டம்பர் 2024

கப்பலை விட்டுவிடும் பயத்தைப் பற்றி நியாயமாகவே எழுத வேண்டும், மழுப்பக் கூடாது.

கப்பல் தானே நடத்தும் சுற்றுலா தாமதமானால் பயணிகளுக்கான பொறுப்பு கப்பலுடையது. நாமாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு நாமே செலவு செய்து போய்ச் சேர வேண்டும். 5 மணிக்குப் புறப்பாடு என்றால் 5 மணிக்கு வரலாம் என்று அர்த்தமில்லை. கடைசியாக ஏறும் நேரம் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னதாக இருக்கும். அறையில் தினமும் வைக்கும் தாளில் அந்த நேரமும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் இருக்கும். அந்தத் தாளைப் படம் பிடித்து நான்கு பேர் தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஏறும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகக் காரை ஒப்படைப்பதுதான் என் கணக்கு. பஞ்சர் ஆனாலும், கார்க்காரர் தாமதமாக வந்தாலும் அதற்குள் அடங்கிவிடும்.

14 செப்டம்பர் 2024, இரவு

மேலே எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். எங்களுக்கு நடந்தது இது.

தஞ்சோங் ரூ தீவின் வட முனை. வெண்மணல், ஆழமில்லாத தண்ணீர், நடுவே சுண்ணாம்புக்கல் குன்றுகள். எதிரே தெரியும் பெரிய தீவு தருதாவ், அது தாய்லாந்து. ஒரு காலத்தில் தாய்லாந்து அரசு அரசியல் கைதிகளை வைத்திருந்த சிறைத்தீவு.

கடற்கரைக் கடை ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தோம். தொலைபேசியில் மணி 12.40. ஒரு மணி நேரம் சாப்பிடலாம், போகும் வழியில், குற்றமில்லாமல் கொல்லப்பட்டவள் என்று ஊர் சொல்லும் மசூரியின் கல்லறையைப் பார்க்கலாம், அப்புறம் பாடாங் மட்சிராட்டில் பழைய போரின்போது மக்கள் எரித்துப் புதைத்த அரிசி இருக்கும் இடம், மூன்று மணிக்குத் துறைமுகம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைச் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம், அதில் 1.40. வானொலியில் மதியத் தொழுகைக்கு அழைப்பு முடிந்த நேரம். கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அக்கா மகன்தான், "காரிலும் ஒன்றரைதான் காட்டியது" என்றான். காரின் கடிகாரத்தை நான் காலையிலேயே பார்த்திருந்தேன், வாடகைக் கார் கடிகாரம்தானே என்று விட்டுவிட்டேன்.

கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் என் தொலைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "தாய்லாந்து" என்று தருதாவ் பக்கம் கை நீட்டினார். எதிர்க்கரையின் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தொலைபேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறியிருக்கிறது. தாய்லாந்து மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரையின் மேலே சின்ன எழுத்தில் வேறொரு தொலைபேசி நிறுவனத்தின் பெயர் இருந்தது, நான் பார்க்கவே இல்லை.

எங்கள் கடைசி ஏறும் நேரம் 4.30. சாப்பாட்டைப் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மசூரி போகவில்லை, எரிந்த அரிசியும் பார்க்கவில்லை. வழியில் ஒரு மழை, ஒரு மாட்டுக்கூட்டம். 3.10க்குத் துறைமுகம். அம்மா வழி நெடுக ஒன்றும் பேசவில்லை, பொட்டலத்தை மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டே வந்தார். அது சிந்தாமல் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன் என்று கப்பல் ஏறியதும் சொன்னார்.

செய்ய வேண்டியது இதுதான். தொலைபேசியில் தானியங்கி நேரத்தை அணையுங்கள். நெட்வொர்க்கையும் தானாகத் தேடாமல் ஒரு மலேசிய நிறுவனத்திலேயே நிறுத்தி வையுங்கள், தாய்லாந்து ரோமிங் கட்டணமும் மிச்சமாகும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று ஒருவர் கையிலாவது இருக்கட்டும்.

15 செப்டம்பர் 2024

காலையில் யோசித்தபோது நேற்று நான் கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்திவிட்டதாகத் தோன்றியது. தெற்கே வந்ததும் தொலைபேசி மலேசிய கோபுரத்தைப் பிடித்து நேரத்தைத் திருத்திக்கொண்டுவிடும், எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. ஆக, கடைசிவரை ஏமாந்துகொண்டிருக்க வாய்ப்பில்லை. ஆபத்து அந்த வட முனையில் சாவகாசமாக உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான். ஆனால் எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் என்பது சின்ன விஷயமும் இல்லை.

உங்கள் கப்பல் புக்கெட் போய்விட்டு லங்காவி வருகிறதா? அப்படியானால் கப்பல் நேரத்தை மாற்றினார்களா, சிங்கப்பூர் நேரத்திலேயே ஓட்டுகிறார்களா என்று வரவேற்பில் கேளுங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், புக்கெட்டில்தான் குழப்பம் வரும்.

20 செப்டம்பர் 2024

சாலை எப்படி என்ற கேள்விக்கு: நல்ல சாலை, பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம். சென்னையில் ஓட்டியவருக்கு நெரிசல் ஒரு பொருட்டே இல்லை. மாறாக, நம் பழக்கங்களை விட வேண்டும். ஹாரன் அடிக்காதீர்கள். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி விடுங்கள். "அவாஸ்" என்றால் கவனம், "பெர்ஹென்தி" என்றால் நில், "பொங்கோல்" என்றால் வேகத்தடை. மாடு, எருமை, குரங்கு மூன்றும் சாலைக்கு வரும். குரங்குகள் இருக்கும் இடத்தில் கார் கண்ணாடியைத் திறந்து தின்பண்டம் காட்டவே கூடாது.

வெள்ளிக்கிழமை என்றால் மதியத் தொழுகை நேரத்தில் நிறையக் கடைகள் மூடியிருக்கும். கெடா மாநிலத்துக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். (லங்காவி கெடாவைச் சேர்ந்தது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் கடாரம் இந்தக் கெடாதான். அக்கா மகனுக்குப் பள்ளியில் இது பாடம், கார் பதிவு எண் 'கே' என்று தொடங்குவதைப் பார்த்துவிட்டு "கடாரம், கடாரம்" என்று கத்திக்கொண்டே வந்தான்.)

2 அக்டோபர் 2024

குழந்தைகள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குக் குவா கதையைச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள்.

மாட் ராயா, மாட் சின்சாங் என்று இரண்டு அரக்கர்கள், சம்பந்திகளாக வேண்டியவர்கள். கல்யாண வீட்டில் சண்டை வந்து பாத்திரங்களைத் தூக்கி எறிந்தார்களாம். பானை உடைந்த இடம் பெலாங்கா பெச்சா, குழம்பு கொட்டிய இடம் குவா, வெந்நீர் கொட்டிய இடம் ஆயர் ஹாங்காட். மலாயில் குவா என்றால் குழம்பு என்றே பொருள். சண்டை போட்ட இரண்டு பேரும் மலைகளாகிவிட்டார்கள்: 881 மீட்டர் குணுங் ராயா, நான் மேகம் பார்த்த மாசின்சாங். ஓட்டும்போது இரண்டு மலைகளும் மாறி மாறித் தெரியும், பிள்ளைகள் இது யார் அது யார் என்று கண்டுபிடித்துக்கொண்டே வருவார்கள்.

குவாவில் இருக்கும் கழுகுச் சிலை 12 மீட்டர் உயரம். ஹெலாங் என்றால் கழுகு, காவி என்றால் செம்பழுப்பு, அதிலிருந்துதான் லங்காவி என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். அது நம் செம்பருந்து. வானத்தில் வட்டமிடுவதைப் பார்த்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார், கருடன் என்று.

2 அக்டோபர் 2024, இரவு

அம்மா என்றதும் இன்னொன்று. வடக்குச் சாலையில் பந்தாய் பாசிர் ஹிதாம், கருமணல் கடற்கரை என்று ஒன்று இருக்கிறது. இணையத்தில் பலர் ஏமாற்றம் என்று எழுதுகிறார்கள், கறுப்பாகவே இல்லையாம். நானும் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்றுதான் நிறுத்தினேன்.

அம்மா பிறந்தது குளச்சல் பக்கம். காரிலிருந்து மெதுவாக இறங்கி, படியைப் பிடித்துக்கொண்டு கீழே போனவர், அலை இழுத்த இடத்தில் கோடு கோடாகப் படிந்திருந்த கறுப்பைக் கையில் அள்ளினார். உள்ளங்கையில் தண்ணீர் விட்டு அலசினார். வெள்ளை மணல் வழிந்து ஓட, கறுப்பு மட்டும் கனமாகத் தங்கியது. "மணவாளக்குறிச்சி மண்ணு மாதிரியே கெடக்கு" என்றார். சின்ன வயதில் இப்படித்தான் அலசி விளையாடுவோம், கறுப்பு எப்போதும் அடியில் தங்கும் என்று அக்கா மகனுக்குச் செய்து காட்டினார். அவன் பத்து முறை செய்தான்.

ஊருக்கு வந்து படித்தேன். லங்காவிக் கருமணலில் இல்மனைட், சிர்க்கான் போன்ற கனிமங்கள் இருக்கின்றன, குணுங் ராயாவின் கருங்கல்லிலிருந்து அரித்து வந்தவை. மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனம் பிரித்தெடுப்பதும் இல்மனைட், சிர்க்கான்தான். அம்மா கையெடையிலேயே சொன்னது சரி.

நாற்பது நிமிடம் அங்கே நின்றோம். எந்தச் சுற்றுலாப் பேருந்தும் அந்தக் கடற்கரையில் நாற்பது நிமிடம் நிற்காது.

19 நவம்பர் 2024

கிளம்பும் முன் கடைசியாக ஒன்று: காரை வாங்கும்போது நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள், பம்பரின் அடி, சக்கரத்தின் விளிம்பு உட்பட. ஒப்படைக்கும்போது பின் பம்பரில் ஒரு கீறலைக் காட்டி முன்பணத்தில் பாதியைப் பிடிப்பேன் என்றார் எங்களுக்குக் கார் கொடுத்தவர். காலை 9.20க்கு எடுத்த வீடியோவில் அதே கீறல் இருந்தது. காட்டினேன், 100 ரிங்கிட்டும் வந்தது. கப்பல் புறப்படும் அவசரத்தில் இருப்பவர் வாதாட மாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஒன்றரை மணி முன்னதாக வரச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

6 ஜனவரி 2025

நீங்கள் போய்வந்து எழுதியதைப் படித்தேன், மிகவும் சந்தோஷம். 2.45க்கே காரை ஒப்படைத்துவிட்டுப் பிள்ளைகளோடு கப்பலின் நீச்சல் குளத்தில் இருந்தீர்கள் என்பது நான் போட்ட கணக்கைவிட நன்றாக இருக்கிறது. தஞ்சோங் ரூவில் உங்கள் தொலைபேசி மாறவில்லை, மனைவியுடையது மட்டும் மாறியது என்கிறீர்கள். ஒரே காரில் இருந்த இரண்டு தொலைபேசியே இரண்டு மணி காட்டியிருக்கிறது. ஆக, எல்லாருக்கும் கட்டாயம் நடக்கும் என்பதுபோல் செப்டம்பரில் நான் எழுதியது தவறு.

எரிந்த அரிசி இடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்ற வருத்தத்துக்கு: 1821இல் சயாம் படை கெடாவைத் தாக்கியபோது, எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று தீவு மக்களே தங்கள் அரிசியைப் புதைத்து எரித்தார்கள். பலத்த மழைக்குப் பிறகு அந்தக் கருகிய மணிகள் மண்ணிலிருந்து மேலே வரும் என்பார்கள். நீங்கள் போனது வெயில் நாள். மசூரியைக் குற்றமற்றவள் என்று அறியாமல் கொன்றதால், ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு செழிக்காது என்று அவள் இட்ட சாபத்தோடு இதையும் சேர்த்தே ஊரில் சொல்கிறார்கள். உங்கள் மகள் மசூரி வீட்டுக் கிணற்றடியில் ரொம்ப நேரம் நின்றாள் என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு அந்த இடம் இன்னும் பாக்கி.

8 ஜனவரி 2025

மார்ச்சில் அம்மாவோடு மறுபடியும் போகிறோம், அதே துறைமுகம், காலை 8 முதல் மாலை 4 வரை. இந்த முறை நேராக மசூரி, அப்புறம் கருமணல், தஞ்சோங் ரூ கிடையாது. சாப்பாடு மட்டும் போன தடவை பொட்டலத்தில் ஆறிப்போனது அம்மாவுக்கு இன்னும் மனசில் இருக்கிறது. மசூரியிலிருந்து செனாங் வரும் வழியில் சைவமாக, உட்கார்ந்து சாப்பிட ஒரு நல்ல கடை பார்த்திருந்தால் எழுதுங்கள்.